மையச் சிரை வடிகுழாய் பொருத்துதலில் ஏற்படும் சிக்கல்கள்

மையச் சிரை வடிகுழாய் என்பது கழுத்து, மார்பு அல்லது தொடையிலுள்ள பெரிய சிரை ஒன்றின் வழியாகச் செலுத்தப்பட்டு, அதன் முனை உடலின் பெருஞ்சிரைக்குள் நிற்குமாறு வைக்கப்படும் மெல்லிய குழாய் ஆகும். சிறிய சிரைகளைப் புண்ணாக்கும் மருந்துகளைச் செலுத்தவும், டயாலிசிஸ் செய்யவும் இது பயன்படுகிறது. சுவீடன் கதிரியல் மருத்துவர் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. அதன்படி முதலில் ஊசியால் சிரை துளைக்கப்படுகிறது. ஊசி வழியே வழிகாட்டிக் கம்பி நுழைக்கப்படுகிறது. பின்னர் ஊசி அகற்றப்பட்டு, கம்பியின் மேல் குழாய் செலுத்தப்படுகிறது.

சிரை எளிதில் கிடைக்காத நோயாளிகள்

உடற்பருமன் உள்ளவர்களிடம் கழுத்தின் அடையாளங்கள் புலப்படுவதில்லை. நீரிழப்பால் சிரை சுருங்கிவிடுகிறது. முன்பு பலமுறை குழாய் வைக்கப்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் சிரை குறுகியோ அடைபட்டோ இருக்கலாம். இவர்களுக்கு ஊசியைத் திரும்பத் திரும்பக் குத்த நேரிடுகிறது. ஒவ்வொரு கூடுதல் முயற்சியும் சிக்கலுக்கான வாய்ப்பை உயர்த்துகிறது.

முக்கியச் சிக்கல்கள்

* தமனி துளைபடுதல்: சிரைக்கு அருகிலுள்ள தமனியில் ஊசி பாயலாம். அதிர்ச்சி நிலையிலுள்ள நோயாளியின் தமனிக் குருதி கருத்தும் துடிப்பின்றியும் வரக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் நம்ப இயலாது. பெரிய குழாயே தமனிக்குள் சென்றுவிட்டால் அதை உடனே உருவக்கூடாது. குருதிக்குழாய் அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும்.
* நுரையீரல் துளைபடுதல்: நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, அது சுருங்கிவிடும். காறை எலும்பின் கீழுள்ள சிரையைத் துளைக்கும்போது இது கூடுதலாக நிகழ்கிறது.
* சிரை கிழிதல்: குறுகிய சிரையில் கம்பி தடைபடும்போது அழுத்தித் தள்ளினால், சிரை கிழிந்து மார்புக்குள் குருதி கசியலாம்.
* இதயத் துடிப்பு மாறுபாடு: கம்பி இதய அறையைத் தொடுவதால் ஏற்படுகிறது.
* காற்றுக்குமிழ் அடைப்பு: திறந்த ஊசி வழியே காற்று உறிஞ்சப்படுவதால் ஏற்படுகிறது.

தடுக்கும் வழிகள்

மீயொலிக் கருவியால் சிரையைப் பார்த்தபடியே குத்துவது முதன்மையான பாதுகாப்பு. அழுத்தினால் சிரை எளிதில் ஒடுங்கும். தமனி எளிதில் ஒடுங்காது. குழாயைச் செலுத்துமுன் கம்பி சிரைக்குள் இருப்பதையும் இக்கருவியால் உறுதிசெய்யலாம். கழுத்துச் சிரைக்கு நோயாளியின் தலையைத் தாழ்த்தி வைத்தால் சிரை விரியும். காற்று நுழைவதும் குறையும். குருதி உறையாமை உள்ளவர்களுக்கு, கையால் அழுத்திக் குருதியை நிறுத்தக்கூடிய இடமே ஏற்றது.

இரண்டு, மூன்று முயற்சிகள் தோற்றால் அதே இடத்தில் தொடராமல், வேறு இடத்தையோ அனுபவம் மிக்க மற்றொருவரையோ நாடுவது நோயாளிக்குப் பாதுகாப்பானது.