சுவரின் மேல் நீண்ட கைகள்

1863 ஜூலை 3 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில், தெற்குத் தளபதி பிக்கெட்டின் படை மோதிச் சிதறிய இடம் இந்தத் தாழ்ந்த கற்சுவர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1913இல் அதே நாளில், வடக்கு, தெற்கு இரு படைகளிலும் போரிட்ட முதியவர்கள் இதன் மேலாகக் கைநீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். 53,000க்கும் அதிகமான முன்னாள் வீரர்களுக்குப் பென்சில்வேனியா மாநிலமும் கூட்டரசும் கூடார நகரமே அமைத்து, உணவளித்து வரவேற்றன. அந்தக் கைகளில் இருந்த பாசம் மெய்யானது. மூன்று நாள் போரில் ஏறக்குறைய 51,000 பேர் மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் காணாமலும் போனதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

ஆனால் அரசு தந்த வரவேற்பு வேறு. ஜூலை 4 அன்று பேசிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், சண்டை மறக்கப்பட்டது என்றார். சண்டைக்குக் காரணமான அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வடக்குப் படையில் சேர்ந்த சுமார் 1,80,000 கறுப்பின வீரர்களையும் குறிப்பிடவில்லை. கெட்டிஸ்பர்கில் கறுப்பினப் படைப்பிரிவு எதுவும் போரிடவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அழைப்பு இந்தக் களத்தில் நின்றவர்களுக்கு மட்டுமானதல்ல, உள்நாட்டுப் போரின் எல்லா வீரர்களுக்குமானது. முதியவர்களுக்கு மகிழ்ச்சியான நாளில் பழைய புண்ணைக் கிளற வேண்டுமா என்றும் கேட்கலாம். அதே ஆண்டில், அதே அரசின் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை நிறத்தின்பேரில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புண் ஆறியிருக்கவில்லை.