கற்கண்டும் கருங்கல்லும்

திருச்சுற்றை வலம் வரும் அன்பர்கள், பூச்சு ஏதும் இல்லாத பழைய கருங்கல் தூண் ஒன்றைக் காலை வெயிலில் சற்றே அருகிருந்து நோக்கலாம். பல கோயில்களில் கல்லுக்குள் மூவகைப் பரல்கள் புலப்படும். கண்ணாடி போல் மங்கலாக ஒளிர்வது குவார்ட்ஸ். இராமேசுவரத்தில் வைகறையில் தரிசிக்கும் ஸ்படிக லிங்கமும் இப்பொருளே; அங்கே தூயதாய் ஒன்றாகத் திரண்டிருப்பது, இங்கே பருக்கை பருக்கையாய்ச் சிதறிக் கிடக்கிறது. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார். கருமையாய் மினுங்கும் செதிள்கள், காக்கைப்பொன் என்று நம் முன்னோர் அழைத்த மைக்கா.

இப்பரல்கள் திரண்ட விதத்தைக் கற்கண்டு காய்ச்சுவோர் எளிதில் உணர்வர். பாகை அசைக்காமல் பல நாள் ஆறவிட்டால், நூலைப் பற்றிப் பெரிய கட்டிகளாய் விளையும். கிளறிக் கிளறி விரைவில் ஆற்றினால் பொடிச் சர்க்கரையே மிஞ்சும். பூமியின் ஆழத்திலுள்ள பாறைக்குழம்பும் அவ்வாறே. பல கிலோமீட்டர் ஆழத்தில் அடைபட்ட குழம்பு ஆயிரக்கணக்கான, சில இடங்களில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறுகிறது. பரல்கள் வளர அவகாசம் கிடைக்கிறது. அதன்மேல் மூடியிருந்த பாறைகள் காலப்போக்கில் அரிக்கப்பட்ட பின்னரே அது வெளிப்படுகிறது. அதுவே கிரானைட். (தமிழகத்துக் கருங்கற்களில் பல, பின்னும் ஒருமுறை ஆழத்தில் வெந்து அழுந்தி உருமாறியவை. நாமோ எல்லாவற்றையும் கருங்கல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.)

எல்லோராவுக்கு யாத்திரை சென்றவர்கள் வேறொரு கல்லைக் கண்டிருப்பர். ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்த கயிலாசநாதர் ஆலயம் அது. அக்கல்லில் பரல்கள் கண்ணுக்கு எளிதில் புலப்படா. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் நிலப்பிளவுகளின் வழியே பொங்கிய குழம்பு வெளியே வந்து விரைவில் ஆறியதால் உண்டான பசால்ட் அது. ஆறிய வேகம் மட்டுமன்று, சரக்கும் வேறு. கிரானைட்டில் சிலிக்கா நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு. பசால்ட்டில் 50 பங்கே. இரும்பும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால் பசால்ட் கறுத்துக் கனக்கிறது. சிலிக்கா குறைந்த குழம்பு நீர்த்து ஓடும். ஆகவே அது படுகைமேல் படுகையாய் நெடுந்தொலைவு பரவியது. கிரானைட்டின் குழம்போ முற்றிய பாகு போன்று கெட்டியானது.

இனி, நம் கையில் இருக்கும் ஒரு செய்தி. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், தளிச்சேரிப் பெண்டுகள் ஏறத்தாழ நானூறு பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும்கூட உண்டு. இத்தகைய எழுத்துகள் விரற்கடை ஆழம்கூட இரா. கருங்கல் உறுதியானதே, ஆயினும் அது ஒன்றோடொன்று கோத்த பரல்களின் திரள். சூடு ஏறினால் குவார்ட்ஸ் ஓர் அளவில் விரியும், பெல்ஸ்பார் வேறோர் அளவில் விரியும். நாள்தோறும் ஒரே இடத்தில் கற்பூரம் எரிந்தால் பிடிப்புத் தளர்ந்து, மேற்பரப்பு பருக்கையாய் உதிரத் தொடங்கும். எண்ணெய்ப் பிசுக்கையும் கரியையும் நீக்க மணலை வேகமாய் வீசித் தூய்மை செய்தாலோ சேதம் இன்னும் பெரிது. மணலில் பெரும்பகுதியும் குவார்ட்ஸ்தானே. கல்லின் பரல்களைப் பெயர்த்து, எழுத்தின் விளிம்பையும் அது மழுக்கிவிடும்.

ஆகவே தூணடியிலும் கல்வெட்டை ஒட்டியும் அகல் வைக்கும் வழக்கத்தை அன்பர்கள் தவிர்த்தல் வேண்டும். விளக்கேற்றத் தனி மேடை பல கோயில்களில் உண்டு. இல்லாத இடத்தில் அர்ச்சகரைக் கேட்டால், கல்லில் சுடர் படாத இடத்தைக் காட்டுவார்.