கைக்கு ஏற்ற ஊசி, நூலுக்கு ஏற்ற ஊசி

நம் நாட்டு வெயிலில் பின்னல் வேலை எதற்கு என்று என்னைக் கேட்காத தோழிகள் இல்லை. கேள்வி நியாயமானதுதான். கம்பளிச் சட்டை போட வேண்டுமென்றால் கேமரன் மலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் பின்னல் என்றாலே கம்பளி என்று பொருளில்லை. பருத்தி நூலில் தொப்பி, குழந்தைக்குக் காலுறை, தோள்பை, பாத்திரம் துடைக்கும் துணி என நமக்குப் பயன்படுபவை எத்தனையோ உண்டு. விடுதியில் நான் பின்னுவதைப் பார்த்துத் தாங்களும் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஊசி வாங்குவது?" என்பதைத்தான். கடையில் வரிசையாகத் தொங்கும் ஊசிகளைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். குரோஷே வேலைக்குக் கொக்கி வைத்த ஒற்றை ஊசி போதும். நான் இங்கே சொல்வது இரண்டு ஊசிகளால் செய்யும் பின்னலைப் பற்றி. இதில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே உயிரோடு காத்திருக்கும். ஊசி நழுவினால் கண்ணிகளும் அவிழும். ('கண்ணி' என்ற அழகான சொல்லை என் பெரியம்மாதான் சொல்லித் தந்தார். அதுவரை நான் 'ஸ்டிட்ச்' என்றே சொல்லி வந்தேன். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டவர்களுக்கு இப்படிப் பல சொற்கள் தாமதமாகத்தான் கிடைக்கின்றன.)

ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்தான் பெரிய குழப்பம். 8 என்று பொறித்த ஓர் ஊசி உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அது பழைய பிரித்தானிய ஊசியானால் தடிமன் 4 மில்லிமீட்டர். அமெரிக்க ஊசியானால் 5 மில்லிமீட்டர். ஜப்பானிய ஊசியானால் 4.5 மில்லிமீட்டர். அமெரிக்க, ஜப்பானிய முறைகளில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பழைய பிரித்தானிய முறையிலோ எண் ஏற ஏற ஊசி மெலியும். அது கம்பிகளின் தடிமனை அளக்கும் முறையிலிருந்து வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 7 என்ற எண்ணில் மட்டும் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒத்துப் போகிறார்கள். இரண்டுமே 4.5 மில்லிமீட்டர்தான்!

மலேசியாவில் இருக்கும் நமக்கு இந்த மூன்றுமே வந்து சேர்கின்றன. பாட்டி காலத்துப் பெட்டியில் இருப்பது பிரித்தானிய ஊசி. பேரங்காடியின் ஜப்பானியக் கடையில் கிடைப்பது ஜப்பானிய ஊசி. இணையத்தில் எடுக்கும் செய்முறைக் குறிப்புகளில் பெரும்பாலும் அமெரிக்க எண். ஆகவே எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். எண்ணே அழிந்துபோன ஊசியை அளக்க, துளைகள் இட்ட சிறிய அளவுத் தகடு விற்கிறார்கள். ஊசி எந்தத் துளையில் ஆடாமல் நுழைகிறதோ அதுவே அதன் அளவு. நான் வாங்கிய பொருள்களிலேயே மலிவானதும் அதிகம் பயன்பட்டதும் இந்தத் தகடுதான்.

சரி, எத்தனை மில்லிமீட்டர் வாங்குவது? நூற்கண்டின் மேலுறையிலேயே ஊசிப் படம் போட்டு ஓர் அளவு தந்திருப்பார்கள். அது தொடக்கம் மட்டுமே. ஒரே நூல், ஒரே ஊசி, ஆனால் இரண்டு பேர் பின்னினால் இரண்டு அளவு வரும். நூலை இறுக்கிப் பிடிப்பவரின் கண்ணி சிறிதாகவும் தளர்த்திப் பிடிப்பவரின் கண்ணி பெரிதாகவும் இருக்கும். இதை நான் ஆழமாக எண்ணிப் பார்த்தது பெரியம்மாவின் தொப்பிக்காக.

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ சிகிச்சையில் முடி முழுவதும் கொட்டிவிட்டது. சிகிச்சை அறையின் குளிர்சாதனக் காற்று நேராகத் தலையில் இறங்கும். வெளியே வந்தால் வெயில். கடையில் வாங்கிய செயற்கை இழைத் தொப்பி வியர்த்து அரித்தது. அதன் தையல் விளிம்பு வெறுந்தலையில் உறுத்தியது. தையலே இல்லாத பருத்தித் தொப்பி ஒன்று வேண்டும் என்றார்.

அவர் தலையின் சுற்றளவு 54 சென்டிமீட்டர். தொப்பி சற்றே பிடித்து நிற்க வேண்டும் என்பதால் 50 சென்டிமீட்டர் என்று முடிவு செய்தேன். பருத்தி கம்பளியைப் போல் இழுபட்டுத் திரும்பாது. அதனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். 3.5, 4, 4.5 மில்லிமீட்டர் ஊசிகளில் ஒவ்வொரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய வைத்து, நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் என்று எண்ணினேன். 4 மில்லிமீட்டர் ஊசியில் 22 கண்ணிகள். 4.5-இல் 20. அப்படியானால் 50 சென்டிமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் ஊசியில் 110 கண்ணிகள் வேண்டும். அதே 110 கண்ணிகளை 4.5 ஊசியில் போட்டால் சுற்றளவு 55 சென்டிமீட்டராகிவிடும், தொப்பி கண்ணை மறைக்கும். ஊசியில் அரை மில்லிமீட்டர், தலையில் ஐந்து சென்டிமீட்டர்! 3.5-இல் பின்னிய துண்டோ அட்டை போல் விறைத்து நின்றது. தொப்பிக்கு அது ஆகாது. பையின் அடிப்பகுதிக்கு அதுவே நல்லது. துண்டு பின்ன ஒரு மாலைப் பொழுது போகும். முழுத் தொப்பியையும் அவிழ்ப்பதை விட அது எவ்வளவோ மேல்.

அடுத்து ஊசியின் வடிவம். பலருக்கும் பழக்கமானது, ஒரு முனையில் குமிழ் வைத்த நேர் ஊசி. இதில் தட்டையான துண்டுகளைத்தான் பின்ன முடியும். வேலை வளர வளர அதன் எடை முழுவதும் ஊசியில் தொங்கி மணிக்கட்டை இழுக்கும். எல்.ஆர்.டி.யில் உட்கார்ந்து பின்னினால் பக்கத்தில் இருப்பவரின் விலாவையும் குத்தும். வட்ட ஊசி என்பது இரண்டு குட்டை ஊசிகளை வளையும் குழாய் ஒன்றால் இணைத்தது. எடை மடியில் உட்கார்ந்து கொள்ளும். சுற்றிச் சுற்றிப் பின்னலாம், தையல் வராது. திருப்பித் திருப்பிப் பின்னினால் தட்டையான துண்டும் வரும். ஆகவே ஒரே ஓர் ஊசிதான் வாங்க முடியும் என்றால் வட்ட ஊசியையே வாங்குங்கள் என்பேன்.

அதன் நீளத்தையும் கவனிக்க வேண்டும். முனையிலிருந்து முனை வரை உள்ள நீளம், பின்னும் பொருளின் சுற்றளவை விடக் குறைவாக இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் தொப்பிக்கு 40 சென்டிமீட்டர் ஊசி பொருந்தும். உச்சியை நெருங்கும்போது கண்ணிகள் குறைந்து, ஊசியைச் சுற்றி எட்டாது. அப்போது இருபுறமும் கூரான நான்கைந்து குட்டை ஊசிகளுக்கு மாற்றலாம். அல்லது தொடக்கத்திலிருந்தே 80 சென்டிமீட்டர் வட்ட ஊசியை எடுத்து, மிகுதியான குழாயைக் கண்ணிகளுக்கு நடுவே வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது முறை. ஐந்து ஊசிகளை விடுதிக் கட்டிலில் தேட வேண்டியதில்லை.

இனி, ஊசி எதனால் செய்யப்பட்டது என்பது. உலோக ஊசியில் நூல் வழுக்கி ஓடும், வேகம் கிடைக்கும். ஆனால் பளபளப்பேற்றிய பருத்தி நூல் அதில் தானாகவே நழுவிவிடும். நிக்கல் பூச்சு சிலருக்கு ஒவ்வாமல் விரல் அரிக்கும். அவர்கள் எஃகு அல்லது மர ஊசியை நாடலாம். மூங்கில் ஊசி கண்ணிகளைப் பிடித்து வைத்துக் கொள்ளும், எடையும் குறைவு. அதனால் தொடங்குபவர்களுக்கு அதுவே ஏற்றது. நம் ஊர் ஈரப்பதத்தில் கை வியர்த்தால் அக்ரிலிக் நூல் மூங்கிலில் ஒட்டிக் கொண்டு நகர மறுக்கும். அந்த நூலுக்கு உலோகமே நல்லது. முனையையும் தொட்டுப் பாருங்கள். கூர்முனை நுண்ணிய வேலைக்கு உதவும். ஆனால் தளர முறுக்கிய பருத்தி நூலை அது குத்திப் பிரித்துவிடும்.

தொப்பி முடிந்த பிறகு பெரியம்மா தாமும் பின்ன வேண்டும் என்றார். இளவயதில் பின்னியவர்தான். இப்போது மருந்தின் விளைவாக விரல் நுனிகள் மரத்துப் போயிருக்கின்றன. பழைய அலுமினிய ஊசி கையில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. சிகிச்சை அறையின் குளிரில் அது சில்லென்றும் ஆகிவிடுகிறது. அவருக்காக நான் தேடியது எல்லாம் வேறு மாதிரி இருந்தது. 5.5 மில்லிமீட்டர் தடிமன், மழுங்கிய முனை, சதுர வடிவ மரத்தண்டு. சதுரத் தண்டின் விளிம்புகள் உள்ளங்கையில் தட்டுப்படுவதால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அடர்நிற மர ஊசிக்கு வெளிர்மஞ்சள் நூல் எடுத்தேன். விரல் சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நான்கு வரிசை பின்னினார். "இது போதும்டி, ஆனா ஊசிய எடுத்துக்கிட்டுப் போயிடாதே," என்றார்.

முனைகளையும் குழாய்களையும் மாற்றிப் பொருத்தும் முழுத் தொகுப்பை வாங்க ஆசைப்படுபவர்கள், முதலில் அதே வகையில் ஒரே ஓர் ஊசியை வாங்கிச் சில வாரம் பின்னிப் பார்ப்பது நல்லது. புதிய வட்ட ஊசியின் குழாய் சுருண்டு கொண்டு அடம் பிடித்தால், குழாயை மட்டும் சுடுநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து நேராக இழுத்துப் பிடியுங்கள், அடங்கிவிடும். மூங்கில் முனையில் சிலும்பு எழுந்தால் நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாகத் தேய்த்தால் போதும்.