சந்தாவும் சொந்தமும்



பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிற்கும் சங்கத்து உறுப்பினர் பதிவேட்டிற்கும் உள்ள வேற்றுமையைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். இரண்டும் பெயர்களை வரிசையாக எழுதி வைக்கும் ஏடுகளே. ஆயினும், முன்னதில் ஒரு பெயருக்கு நேரே பத்து நாள் தொடர்ந்து 'வரவில்லை' என்ற குறி விழுந்தால், நல்ல ஆசிரியர் வாளா இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து விசாரிக்கிறார், பெற்றோருக்குச் சொல்லியனுப்புகிறார், அதனாலும் பயனில்லையெனில், மாலையில் தாமே அந்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்கிறார். பின்னதில் ஒரு பெயருக்கு நேரே ஈராண்டுச் சந்தா விழவில்லையெனில் நாம் செய்வது என்ன? ஒரு கோடு கிழித்துவிடுகிறோம்.

நான் அவ்வாறு கோடு கிழித்தவன். 1983 முதல் 2018 வரை, அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முதலில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றினேன். இடையே பதினோர் ஆண்டுகள் எங்கள் வட்டாரத்து ஆசிரியர் சங்கக் கிளைக்குச் செயலாளனாகவும் இருந்தேன். தொழில்வழிச் சங்கம் ஒன்றில் மக்கள் ஏன் சேர்கின்றனர், ஏன் விலகுகின்றனர், அவர்களை நிலைத்திருக்கச் செய்வது எது என்னும் மூன்று வினாக்களுக்கு, அந்தப் பட்டறிவைத் துணைக்கொண்டு விடை கூற முயல்கிறேன். ஆசிரியர் சங்கத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் ஆகிய எவர் சங்கத்திற்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் பயனை எடுத்துச் சொன்னால் எல்லாரும் சேர்ந்துவிடுவர் என்றே நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். இந்நம்பிக்கை பிழையானது என்பதை மான்சர் ஓல்சன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். சங்கம் முயன்று ஒரு நன்மையைப் பெறுகிறது என்று கொள்வோம். அந்நன்மை சந்தா செலுத்தியவருக்கும் கிடைக்கிறது, செலுத்தாதவருக்கும் கிடைக்கிறது. ஊர்க் குளத்தைத் தூர் வாரியவருக்கும், வாராமல் வீட்டில் இருந்தவருக்கும் தண்ணீர் ஒன்றுதானே? 1955-இல் சென்னை அரசு, உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியருக்கு ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பு என்னும் மூன்று நலன்களையும் சேர்த்து ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் பயனைப் பெற வந்த ஆசிரியரிடம், "சங்கத்துப் பற்றுச்சீட்டு எங்கே?" என்று எவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆகவே, பொதுநன்மை எவ்வளவு பெரிதாயினும் அஃதொன்றே மக்களைச் சங்கத்திற்குள் கொண்டுவந்துவிடாது. உறுப்பினர்க்கே உரிய சில பயன்களும் வேண்டும் என்பது ஓல்சனின் முடிபு. அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்க்கு வழங்கிய மருத்துவ இதழ்களையும், சிகிச்சையில் தவறு செய்ததாக வழக்கு வரும்போது அவர்களுக்குக் கிடைத்த உதவியையும் அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார்.

இவ்வுண்மையை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தவர்கள் இங்கிலாந்து நாட்டு ஆசிரியர்கள். 1870-இல் அவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் தேசிய சங்கத்தை நிறுவினர். அக்காலத்தில் அங்கே கொடிய முறையொன்று நிலவியது. 1862-ஆம் ஆண்டின் விதிப்படி, மாணவரின் வருகையையும், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் அவர்கள் அடையும் தேர்ச்சியையும் கணக்கிட்டே பள்ளிக்கு மானியம் வழங்கப்பட்டது. பிள்ளை ஒருவன் காய்ச்சலில் படுத்தால் ஆசிரியரின் வருவாயும் மெலிந்துவிடக்கூடும். அம்முறையை எதிர்த்துச் சங்கம் இடைவிடாது முயன்றது. 1890-களில் அம்முறை மறைந்தது. 1898-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியச் சட்டமும் வந்தது. இவை எல்லார்க்கும் பொதுவான நன்மைகள். ஆனால், அவை கைகூடும் வரை இருபது முப்பது ஆண்டுகள் உறுப்பினர் காத்திருந்தது எதனால்? 1872 முதல் அவர்களுக்கென ஓர் இதழ் வெளிவந்தது. நலிந்த ஆசிரியருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் உதவ நிதி திரட்டப்பட்டது. வழக்கில் சிக்கியவருக்குச் சட்டத் துணை கிடைத்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஊர்தோறும் சிறு கிளைகள் இருந்தன. 1889-இல் ஆசிரியர் தேசிய சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அவ்வமைப்பு, 2017-இல் வேறோர் அமைப்புடன் இணையும் வரை நிலைத்து நின்றது.

இனி, இரண்டாவது வினா. சேர்ந்தவர் ஏன் விலகுகின்றனர்? "இக்கால இளைஞருக்குப் பொதுப்பற்று இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. மூத்தோர் கூடுமிடங்களில் இதனைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் அறிஞர் 1970-இல் எழுதிய சிறு நூலொன்று இதற்கு வேறு விளக்கம் தருகிறது. ஓர் அமைப்பில் குறை கண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெளியேறுதல், மற்றொன்று குரல் எழுப்புதல். குரலுக்குச் செவி இல்லாத இடத்தில் மக்கள் வெளியேறுகின்றனர். நைஜீரிய நாட்டு இரயில்வேயைக் கண்டே இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியதாம். அங்கே இரயிலில் சரக்கு அனுப்புவதில் குறை கண்டவர்கள் முறையிடாமல் லாரிக்கு மாறிவிட்டனர். குறை சொல்லித் திருத்தக்கூடியவர்களே முதலில் போய்விட்டதால், இரயில்வே தன் குறையை உணராமலே இருந்தது. சங்கங்களின் கதையும் இதுவே. சத்தமிடுகின்றவரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அஞ்சத்தக்கது சத்தமின்றிப் போகின்றவரின் காலடியே.

என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். எங்கள் கிளையில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர், கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்பவர். 1994-க்குப் பிறகு அவர் கூட்டத்திற்கு வரவில்லை, சந்தாவும் வரவில்லை. ஆண்டுக்கு 24 ரூபாய்தான் சந்தா. 1996 ஏப்ரலில் நடந்த செயற்குழுவில், ஈராண்டு நிலுவை வைத்தோர் பட்டியலை நான் படித்தேன், தீர்மானம் நிறைவேறியது, சிவப்பு மையால் அவர் பெயரின் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். அவ்வாண்டு டிசம்பரில் அவர் திடீரென மாரடைப்பால் காலமானார்.

எங்கள் கிளையில் குடும்ப நல நிதி ஒன்று இருந்தது. உறுப்பினர் ஒருவர் இறந்தால், ஏனையோர் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்து அக்குடும்பத்திற்கு வழங்குவது வழக்கம். காரியம் எல்லாம் முடிந்தபின், அவருடைய மனைவியார் தம் மூத்த மகளுடன் என் வீட்டிற்கு வந்தார். நான் விதியை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மையார் சினங்கொள்ளவில்லை. "ஐயா, இரண்டு வருடத்திற்கும் சேர்த்து 48 ரூபாய்தானே? யாராவது ஒருவர் வீட்டிற்கு வந்து சொல்லியிருந்தால் நானே கட்டியிருப்பேனே" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பத்து நாள் வராத மாணவனின் வீட்டைத் தேடிப் போன என் கால்கள், ஈராண்டு வராத நண்பரின் வீட்டிற்குப் போகவில்லையே!

பின்னர் நாங்கள் பள்ளி பள்ளியாகச் சென்று பணம் திரட்டிக் கொடுத்தோம். ஆசிரியர்கள் தாராளமாகவே கொடுத்தனர். ஆயினும், உரிமையாகச் சேரவேண்டியது உதவியாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வேற்றுமை அக்குடும்பத்திற்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. மறு ஆண்டு பழைய கோப்புகளைப் புரட்டியபோது அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. பத்தாண்டுப் பணிக்குப்பின் தமக்கு வரவேண்டிய தேர்வுநிலை ஊதியம் ஓராண்டு தள்ளி நிர்ணயிக்கப்பட்டிருப்பதாகவும், சங்கம் தமக்கு வழிகாட்ட வேண்டும் என்றும் 1994-இல் எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் 'அடுத்த கூட்டத்தில் வைக்கவும்' என்று பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது. அடுத்த கூட்டத்திலும் வைக்கவில்லை; அதற்கடுத்த கூட்டத்திலும் வைக்கவில்லை. அவர் தம் குரலை எழுப்பியே இருக்கிறார், நாங்கள்தாம் கேட்கவில்லை. அதன் பின்னரே வெளியேறினார். அவருடைய பணிப்பதிவேட்டைக் கொண்டு கல்வி அலுவலகத்தில் முறையிட்டோம். பிழை திருத்தப்பட்டது, நிலுவைத் தொகை 1998-இல் அந்த அம்மையாருக்குக் கிடைத்தது. அவர் இருந்தபோது செய்திருக்க வேண்டிய வேலை அது.

அதன் பிறகு எங்கள் கிளையில் சில நடைமுறைகளை ஏற்படுத்தினோம். மூன்றாவது வினாவிற்கு என் விடை இவைதாம்.

முதலாவது, செயற்குழுவினர் ஒருவர் நேரில் சென்று கண்டு, விலகியதற்குரிய காரணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டாலன்றி எவர் பெயரையும் நீக்கலாகாது என்று விதி செய்தோம். முதல் ஆண்டில் 37 பேரைக் கண்டோம். சந்தா மிகுதி என்று சொன்னவர் இருவரே. தம் பள்ளியில் சந்தா வாங்கியவர் ஓய்வு பெற்றபின் யாரிடம் செலுத்துவது என்றே தெரியாமல் சிலர் இருந்தனர். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் கடைசிப் பேருந்தை எப்படிப் பிடிப்பது என்று பெண் ஆசிரியர்கள் கேட்டனர். அவ்வளவு ஆண்டுகளாக அதனை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினோம்.

இரண்டாவது, கடிதங்களுக்கெனத் தனி ஏடு திறந்தோம். வந்த கடிதமும் அனுப்பிய மறுமொழியும் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் படிக்கப்படும். 'எங்களால் இயலவில்லை' என்பதும் ஒரு மறுமொழியே. அதனைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர், மறுமொழியே இல்லாமையைப் பொறுப்பதில்லை.

மூன்றாவது, புதிதாகச் சேர்ந்தவர்க்கு மூன்று திங்களுக்குள் ஒரு சிறு வேலையேனும் கொடுத்தோம். பணிப்பதிவேட்டைச் சரிபார்ப்பது எப்படி என்று இளையோர்க்கு விளக்குமாறு, கூச்சம் மிகுந்த தமிழாசிரியை ஒருவரைக் கேட்டுக்கொண்டோம். முதல் நாள் அவர் குரல் நடுங்கியது. சில ஆண்டுகளில் அவரே கிளையின் துணைத்தலைவரானார். தேர் பார்க்க வந்தவர் வெயில் ஏறியதும் வீடு திரும்புவார். வடத்தில் கை வைத்தவர் நிலைக்கு வரும் வரை நிற்பார். கையில் வடத்தைக் கொடுக்காமல், "ஏன் நிற்கவில்லை?" என்று கேட்பதில் பொருளில்லை.

நான்காவது, பொறுப்புகள் கைமாறவேண்டும். பதினோர் ஆண்டுகள் செயலாளனாக இருந்தேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதனைப் பெருமை என்று கருதிய காலமும் உண்டு. இப்போது குறை என்றே கருதுகிறேன். ஒருவரே நெடுநாள் நடத்தும் சங்கத்தில் ஏனையோர் விருந்தினர் ஆகிவிடுகின்றனர். ஆகவே, ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்குமேல் செயலாளராக இருத்தல் ஆகாது என்று முடிவு செய்து, நானே முதலில் விலகினேன்.

இவற்றால் எல்லாரும் திரும்பி வந்துவிட்டனர் என்று சொல்லமாட்டேன். "தேடி வந்தமைக்கு நன்றி, ஆனால் எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னவரும் உண்டு. அவர் பெயரை நீக்கினோம். அது அவருடைய விருப்பம். அந்தக் கோட்டில் பிழையில்லை.

இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் ஆயிரம் உறுப்பினர்க்குச் செய்தி அனுப்பிவிடலாம். அது மிக நல்ல வசதியே. ஆனால், ஆயிரவர்க்கும் பொதுவாகச் சொன்ன சொல், கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்துச் சொன்ன சொல் ஆகிவிடாது. சங்கங்களில் பொறுப்பேற்றுள்ள அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இவ்வாரம் உங்கள் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நெடுநாள் வராத ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். சந்தாப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவர் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் போய் அமருங்கள்.