வானில் ஒரு மணி, தரையில் நான்கு மணி

இரு நகரங்களுக்கு இடையிலான விமானத் தொலைவைக் கைப்பேசி நொடியில் சொல்லிவிடுகிறது. புதுச்சேரி, பெங்களூரு விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கி.மீ. இத்தகைய குறுந்தடங்களில் பறக்கும் ஏடிஆர் ரகச் சிறு விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லும். வகுத்துப் பார்த்தால் 32 நிமிடம். ஆனால், ஓடுபாதைக்கு நகர்வது, மேலெழுவது, இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்துக் கால அட்டவணை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒதுக்குகிறது.

பயணியின் கணக்கோ வேறு. வானூர் வட்டத்துத் திருவக்கரையிலிருந்து ஒருவர் புறப்படுவதாகக் கொள்வோம். லாஸ்பேட்டை விமான நிலையத்தை அடைய ஒரு மணி நேரம். அங்கே சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. இறங்கி வெளியேற அரை மணி. தேவனஹள்ளியிலிருந்து பெங்களூரு நகருக்குள் செல்ல ஒன்றேகால் மணி. ஆக, ஐந்தரை மணி நேரம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியே செல்லும் காரும் ஏறத்தாழ அதே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

பணத்தைப் போலவே நேரமும் ஒரு செலவு என்பதை 1965-இல் கேரி பெக்கர் பொருளாதாரக் கோட்பாடாக வகுத்தளித்தார். அந்தச் செலவில் விமானப் பயணியின் பெரும்பங்கு தரையிலேயே கழிகிறது. தொலைவு கூடினாலும் குறைந்தாலும் இந்த நான்கு மணி நேரம் அதிகம் மாறுவதில்லை. சென்னையிலிருந்து சுமார் 1,760 கி.மீ. தொலைவிலுள்ள தில்லிக்குச் செல்பவருக்கு அது பொருட்டல்ல. ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகுமே! 265 கி.மீ. செல்பவருக்கு அதுவே பயணத்தின் முக்கால் பங்கு.

இன்னொரு கணக்கும் போடலாம். விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் மிச்சமாவது கால் மணி நேரமே. சிற்றூரிலிருந்து தடையின்றிச் செல்லும் பேருந்தும், நகருக்குள் விரைந்து சேர்க்கும் ரயிலும் இருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் செல்லக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானச் சேவைக்கு பிரான்ஸ் 2023-இல் தடை விதித்தது. அங்கே அதற்கேற்ற விரைவு ரயில்கள் உள்ளன. இங்கோ நிலைமை தலைகீழ். 'உடான்' திட்டத்தின் கீழ் 2017-இல் புதுச்சேரிக்கு ஹைதராபாத் விமானம் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2006-07-இல் ஒப்புதல் பெற்றது, செஞ்சி வழியாகச் செல்லும் திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில் பாதை. ஏறத்தாழ 70 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை.

விமானச் சேவை வேண்டாம் என்பதல்ல என் வாதம். நெடுந்தொலைவுக்கு அது இன்றியமையாதது. ஆனால், குறுந்தொலைவுப் பயணத்தில் மக்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம் என்றால், அரசின் பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் தரைதான்.