உங்களுக்குத் தெரியுமா? ஏசி மாட்ட ஆள் வருமுன்…

★ ஒன்றரை டன் ஏசி என்றால் அது எடைக் கணக்கு இல்லை, பனிக்கட்டிக் கணக்கு. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரே நாளில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் 1 டன். மணிக்கு 12,000 பிடியு என்று பெட்டியில் போட்டிருப்பதும் இதைத்தான்.

★ கடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பாதி ஏசிதான். ஃபிரிட்ஜின் கேஸ் ஓடும் பாதை முழுவதும் ஃபேக்டரியிலேயே அடைபட்டு வருகிறது. ஸ்பிளிட் ஏசியில் அப்படியில்லை. கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள் பூட்டியிருக்கும். மீதிப் பாதையை உங்கள் வீட்டுச் சுவரில் வைத்துத்தான் கட்டி முடிக்கிறார்கள். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று நான்கு இணைப்புகள். செம்புக் குழாயின் முனையை ஊமத்தம்பூ வாய்போல விரித்து நட்டுக்குள் உட்கார வைப்பார்கள். இதற்கு ஃபிளேர் என்று பெயர். விரிக்கும் முன் நட்டைக் குழாயில் கோர்க்க வேண்டும். மறந்தால் விரித்ததை வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பின்னாளில் கேஸ் கசியும் வீடுகளில் முதலில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதும் இந்த நான்கு இடங்களில்தான்.

★ 30 டிகிரியிலேயே தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், அடுப்பே வேண்டாம். காற்றழுத்தத்தை இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் போதும். குழாயை மாட்டியபின் வேக்குவம் பம்ப் போடுவது இதற்காகத்தான்: உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், ஒட்டியிருக்கும் ஈரமும் ஆவியாகிப் போய்விடும். அந்த ஈரம் தங்கிவிட்டால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுருளின் காப்பை மெல்ல அரிக்கும். “கேஸை லேசா ஓப்பன் பண்ணி காத்தத் தள்ளிடலாம் சார், ரெண்டே நிமிஷம்” என்பார்கள் சிலர். ஆர்-22 என்ற பழைய கேஸ் இருந்த காலத்துப் பழக்கம் இது. காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. அளந்து அடைத்த கேஸும் வீணாகும். இப்போதைய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ், லேசாகத் தீப்பற்றக்கூடியது. அழுத்தமும் ஆர்-22-ஐப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு. பம்ப் கால் மணி நேரமாவது, முடிந்தால் அரை மணி நேரம் ஓடட்டும். நிறுத்தியபின் மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பொருத்தும் வேலையில் நீங்கள் பக்கத்தில் நின்றே தீர வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன். காபி போட்டுக் கொடுக்க நல்ல சமயமும் இதுதான்!

★ ஸ்பிளிட் ஏசியில் மெல்லிய குழாய், பருத்த குழாய் இரண்டுமே குளிரும். கேஸை விரிவடையச் செய்யும் பாகம் அவுட்டோரிலேயே இருப்பதுதான் காரணம். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியே ஃபோம் உறை போட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் சுவர் வியர்க்கும், பெயின்ட் உரியும்.

★ குழாயின் நீளம் கூடினால் கேஸும் கூட வேண்டும். மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டில் இருக்கும். தராசில் வைத்து நிறுத்துப் போடுவதே முறை, குத்துமதிப்பு அல்ல.

★ ஏசி முதலில் பிறந்தது மனிதருக்காக அல்ல, காகிதத்துக்காக! நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். ஈரக்காற்றில் தாள் உப்பி, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொன்று சரியாக உட்காரவில்லை. 1902-இல் அதற்குத் தீர்வு வடிவமைத்தவர் 25 வயது இன்ஜினியர் வில்லிஸ் கேரியர். ஆக, காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவதுதான் ஏசியின் ஆதி உத்தியோகம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் டிரெயின் பைப் விடாமல் சொட்டுவது கோளாறு இல்லை. பைப் வழி நெடுக இறக்கமாகவே போக வேண்டும். நடுவில் மேடு கூடாது. நுனி பக்கெட் தண்ணீரில் முங்கவும் கூடாது. மெக்கானிக் கிளம்பும் முன் இன்டோர் டிரேயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெளியே வந்தால் சரி, கட்டில் மேல் வந்தால் ஆள் இருக்கும்போதே தெரிந்துவிடும். டிரெயினில் சொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், குடிக்கக் கூடாது.

★ அவுட்டோர் யூனிட்டின் வேலை வெப்பத்தைத் துப்புவது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று தகரம் அடித்து மூடினால், துப்பிய வெப்பத்தையே திரும்ப இழுக்கும். கரன்ட் பில்தான் ஏறும். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் உப்புக் காற்று வேறு. பல்லி உள்ளே புகுந்து சர்க்யூட் போர்டில் ஷார்ட் ஆவதும் நடப்பதுதான்.

★ ஏசிக்கு போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த். 5 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் வைத்து ஓட்டுவது விஷப்பரீட்சை.

★ 2020 ஜனவரி 1 முதல், இந்தியாவில் நட்சத்திரக் குறியுடன் வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. மாற்றிக்கொள்வது உங்கள் இஷ்டம்.

★ கேஸ், பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. “வருஷமாச்சு, கேஸ் ஃபில் பண்ணணும்” என்று யாராவது சொன்னால், முதலில் எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். வீடு மாறும்போதும் கேஸை வீணாக்க வேண்டியதில்லை. மெல்லிய குழாயின் வால்வை மூடி, கொஞ்ச நேரம் ஏசியை ஓடவிட்டு, அடுத்ததையும் மூடினால் கேஸ் அவ்வளவும் அவுட்டோருக்குள் திரும்பிவிடும். பம்ப் டவுன் என்பார்கள். அதைச் செய்யாமல் யாரும் ஸ்பானரை நட்டில் வைத்தால், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.