பழைய கட்டடம் என்ற சாக்கு வன்னியில் செல்லாது

வன்னியின் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது கொக்கிளாய். அங்கிருந்து ஒரு கொடுப்பனவு அலுவலுக்காக மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகிறவர் கொக்குத்தொடுவாய், நாயாறு, செம்மலை, அளம்பில் என்று ஊர் ஊராகத் தாண்டி முல்லைத்தீவு நகருக்கு வரவேண்டும். போரில் காலை இழந்தவரும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்பவரும், பார்வை குன்றிய முதியவரும் இதே வழியால்தான் வரவேண்டும். அவ்வளவு தூரம் வந்த ஒருவரை ஒரு பொதுக் கட்டடத்தின் மூன்று படிகள் வாசலிலேயே மறித்தால், அதை அவருடைய தலைவிதி என்று சொல்லிக் கடந்துபோகப் பழகிவிட்டோம். இலங்கைச் சட்டம் அதை ஏற்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அங்கே குறை கட்டடத்தில் இருக்கிறது. அதைத் திருத்தும் கடமை அந்த நிறுவனத்துக்கு உரியது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்தக் கட்டடத்துக்குள்ளும் இடத்துக்குள்ளும் நுழைவதற்கோ, அதைப் பயன்படுத்துவதற்கோ ஒருவருடைய இயலாமையைக் காரணம் காட்டித் தடையோ நிபந்தனையோ விதிக்கக்கூடாது என்கிறது அதன் 23ஆம் பிரிவு. சாய்தளம், கதவு, மலசலகூடம் போன்றவை எப்படி அமையவேண்டும் என்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. விதிகள் ஏட்டில் கிடக்க, கட்டடங்கள் பழையபடியே எழுந்தன. கிரிக்கெட் நடுவராகவும் இரசாயனவியலாளராகவும் இருந்த கலாநிதி அஜித் பெரேரா, 1992இல் தம் கார்மீது வீதியோர மரமொன்று விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவரே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிய பொதுக் கட்டடங்கள், குறிப்பாக அவற்றின் மலசலகூட வசதிகள், இந்த விதிகளுக்கு அமையவேண்டும் என்றும், அமையாத வரைபடங்களுக்கு எந்த அதிகாரசபையும் அனுமதி கொடுக்கக்கூடாது என்றும் 2011 ஏப்ரல் 27 அன்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது.

இந்த ஆண்டுகளை வன்னியின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கொக்கிளாய் மக்கள் 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பினார்கள். 2009க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம், பொதுநோக்கு மண்டபம் என்று எத்தனையோ புதிதாகக் கட்டப்பட்டன, அல்லது அடியோடு புனரமைக்கப்பட்டன. அவை எல்லாம் விதிகள் வெளியான பின்னர் எழுந்தவை. கொழும்பிலோ கண்டியிலோ உள்ள ஓர் அலுவலகம் 'இது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்' என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். வன்னியில் அந்தச் சாக்குக்கு இடமே இல்லை. போரினால் உடலுறுப்பை இழந்தவர்கள் செறிந்து வாழும் ஒரு மண்ணில், சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், அரச பணத்திலும் உதவிப் பணத்திலும் படிகளை மட்டும் கட்டியிருந்தால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

சாய்தளம் ஒன்று இருந்துவிட்டால் போதும் என்பதும் தவறு. பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சாய்வு 1:12. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படிகளின் உயரம் 45 சென்ரிமீற்றர் என்றால் சாய்தளம் 5.4 மீற்றர், கிட்டத்தட்ட 18 அடி, நீளவேண்டும். அதையே இரண்டு மீற்றருக்குள் அடக்கினால் அதில் ஏறுபவர் பின்னால் சரிவார், இறங்குபவர் முன்னால் விழுவார். கைபிடி இல்லாத சாய்தளமும், மேலே திரும்ப இடமில்லாத சாய்தளமும், அடியில் கொட்டுமணலில் போய் முடியும் சாய்தளமும் படத்துக்குத்தான் உதவும். கரையோர மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்பது கொக்கிளாயில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே படலையிலிருந்து வாசல்வரை இறுகிய தளமும் அந்த வசதியின் பகுதியே.

மாரி வெள்ளத்துக்காக அத்திவாரத்தை உயர்த்தித்தான் கட்டவேண்டும், படிகளைத் தவிர்க்க முடியாது என்று பொறியியலாளர்கள் சொல்லக்கூடும். உயர்த்தவேண்டும் என்பது உண்மை. அதனாலேயே சாய்தளத்துக்கான இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கவேண்டும். கட்டி முடித்த பிறகு இடமும் இராது, செலவும் கூடும். பணம் இல்லை என்பதற்கும் இதே பதில்தான். 'அப்படியானவர்கள் இங்கே வருவதில்லையே' என்பது இன்னொரு வாதம். ஏறமுடியாத வாசலுக்கு யார் வருவார்கள்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 8.7 சதவீதமானவர்களுக்கு ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அதே சாய்தளம் பயன்படும்.

'நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்' என்பது நல்ல மனத்தோடு சொல்லப்படுவது. ஆனாலும் அது ஆபத்தானது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் இருக்கலாம். அப்படியானால், தூக்கும்போது எங்கேனும் உராய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தச் சிறு காயம் ஆறாத அழுத்தப்புண்ணாக மாறலாம். போகுமிடத்தில் மலசலகூடம் பயன்படாது என்று தெரிந்தவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார். அது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும். அதோடு, தன் சொந்த அலுவலைப் பார்க்கப் போகும் வளர்ந்த மனிதர் ஒருவர் அந்நியர் கைகளில் ஏறித்தான் போகவேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்?

பரிகாரம் தேடுபவர் முதலில் படியின் உயரம், சாய்தளத்தின் நீளம், கதவின் அகலம் ஆகியவற்றை அளந்து, திகதியோடு படமெடுத்து, நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடத்துக்கு யார் அனுமதி கொடுத்தார்கள், மதிப்பீட்டில் சாய்தளத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அதற்கு முடிவு சொல்லவேண்டும். அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு, 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம். அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்பதால், ஆணைக்குழு முறைப்பாட்டையும் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே கொடுத்துவிடுவது நல்லது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் தம் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை இருக்கிறது. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தாலும், கட்டிய பிறகு வழக்காடுவதைவிடக் கட்டுமுன் தடுப்பது எளிது. கொக்கிளாய் அடங்கும் கரைதுறைப்பற்றுப் பிரதேசத்தில் இனி எழும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்தின் வரைபடத்தையும் அனுமதிக்கு முன் மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்று பார்க்கவேண்டும். வேலை முடிந்ததும், ஒப்பந்தகாரருக்கு இறுதிப் பணம் கொடுபடுமுன், சக்கர நாற்காலியில் உள்ள ஒருவர் யாருடைய துணையும் இன்றி உள்ளே போய் மலசலகூடத்தையும் பயன்படுத்தித் திரும்பிவரவேண்டும். அதில் தேறாத கட்டடத்தைப் பொறுப்பேற்க முடியாது என்று பிரதேச சபை உறுப்பினர்கள் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லச் சொல்லி அவர்களிடம் கேட்கவேண்டியவர்கள் வாக்களிக்கும் நாங்கள்.